தலைமாட்டுக் கல்லின் பாசி

பாசி வளர்த்தேன் என்று சொன்னால் பாளையங்கோட்டையில் சிரிப்பார்கள். இங்கே பாசி என்றால் தேய்த்துக் கழுவ வேண்டியது. மழை விட்டதும் கிணற்றடியில் பிளீச்சிங் பவுடரைத் தூவி விளக்குமாற்றால் தேய்ப்போம். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் முதலில் சுவரில் இருக்கும் பாசியைச் சுரண்டிவிட்டுத்தான் மட்டையைக் கையில் எடுப்பார். குளத்தில் மிதப்பதும் எங்களுக்குப் பாசிதான், குளியலறையில் வழுக்குவதும் பாசிதான். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பதினொன்றாம் வகுப்பு செய்முறைத் தேர்வுக்காக ஈரச்சுவர்களில் இருந்து மாஸ் செடிகளைச் சுரண்டிக்கொண்டு வந்து கண்ணாடித் தட்டில் வைப்பதும், தேர்வு முடிந்ததும் குப்பையில் கொட்டுவதும் என் வேலை. எத்தனையோ வருஷமாக அப்படிக் கொட்டிய நானே, ஒரு கைப்பிடிப் பாசிக்காக இரண்டு கோடையை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கழித்தேன்.

அது என் வீட்டுக்காரர் கொண்டு வந்தது. அவர் பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். பிறந்தது மேற்கே மலையில், தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். அவருடைய அம்மா அங்கே கொழுந்து பறித்தவர். வேலையில் இருந்து நின்ற பிறகும் கீழே வரமாட்டேன் என்று, எஸ்டேட்டிலேயே வேலை பார்த்த தன் தம்பி குடும்பத்தோடு தங்கிவிட்டார். "கீழ வந்தா எனக்கு மேலெல்லாம் எரியும்" என்பார். ஒரே ஒரு தடவை, ஒரு சித்திரை மாதம், எங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்தார். நான்கு நாளும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சமையலறையில் மண்பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவர் இறந்தது அடைமழையில். மலைப்பாதையில் மரமும் மண்ணும் சரிந்து கிடந்தன. என் வீட்டுக்காரர் தற்செயலாக இரண்டு நாள் முன்பே மேலே போயிருந்ததால் அடக்கத்துக்கு இருந்தார். தச்சநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்கா, என் மதினி, செய்தி கேட்டு ஓடி வந்து மலையடிவாரத்துச் செக்போஸ்டில் ஒரு பகல் முழுவதும் நனைந்துகொண்டு நின்றார். வண்டி எதையும் மேலே விடவில்லை. சாயங்காலம் அடக்கம் முடிந்தது என்று தகவல் வந்ததும் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகும் மதினியால் அந்தக் கல்லறையைப் போய்ப் பார்க்க முடியவில்லை. கணவருக்கு மேலுக்கு முடியாமல் போனது, மகளுக்குப் பேறுகாலம் வந்தது, இவருக்கே மூட்டுவலி. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் போவோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எஸ்டேட்டை மூடி, ஆட்களைக் காலி செய்யச் சொல்லி, மேலே போகும் வழியையும் அடைத்துவிட்டார்கள்.

போக முடியாததற்குப் பதிலாக மதினி ஒன்றை மட்டும் தம்பியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மைக்குக் கல்லறை கட்டியாச்சா, சிலுவை வைத்தாச்சா, வெள்ளையடித்தாச்சா. எங்கள் ஆட்களுக்கு அது பெரிய காரியம். குடியிருக்கும் வீடு ஒழுகினாலும் சரி, கல்லறை விரிசல் விடக்கூடாது. அடக்கமான வருஷத்துக்குள் சிமெண்ட் பூசி, கல்லறைத் திருநாளுக்குத் திருநாள் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றாவிட்டால் பிள்ளைகள் இருந்தும் இல்லாத மாதிரி. இவரோ மலையில் சிமெண்ட் மூட்டை ஏற்ற வழி தெரியாமல் ஒரு மாதம் பார்த்தார், இரண்டு மாதம் பார்த்தார். மூன்றாம் தடவை மதினி போனில் கேட்டபோது, "கட்டியாச்சுக்கா" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்று உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தடவை போகும்போது எப்படியும் கட்டிவிடுவார், பொய் மெய்யாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

எஸ்டேட் மூடி, மாமியாரின் தம்பி குடும்பம் வீட்டைக் காலி செய்த அன்று உதவிக்குப் போனவர், வரும்போது தூக்குச்சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். திறந்தால் உள்ளே சோறு இல்லை. ஈரத்துணியில் சுற்றிய ஒரு கல். அம்மாவைப் புதைத்த இடத்தைச் சுற்றி அடுக்கியிருந்த கற்களில், தலைமாட்டில் கிடந்த கல். இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். அதன் மேல் ஒரு இட்லியைக் கவிழ்த்து வைத்த மாதிரி, மேடாக, மெத்தென்று, வெளிறிய பச்சையில் பாசி. நட்டு வைத்த மரச்சிலுவை இரண்டு மழைக்காலத்தில் இற்று விழுந்துவிட்டதாம். பெயர் எழுதிய பலகையும் இல்லை. அங்கே அம்மாவின் மேல் உயிரோடு இருந்தது இது ஒன்றுதான் என்றார். வனத்துறை செக்போஸ்டில் சட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, சாப்பாடு மிச்சம் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நீ லேப்ல இருக்கவதானே. இத எப்படியாவது பாத்துக்க" என்றார்.

லேபில் நான் பாசியைக் கொன்றுதான் பழக்கம் என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

முதல் பதினைந்து நாளிலேயே தவறு செய்தேன். போர்வெல் தண்ணீரைத் தெளித்தேன். எங்கள் தெருத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். பாசியின் நுனிகள் காய்ந்து, மேலே பொடி பூத்த மாதிரி ஆனது. இந்த வகைப் பாசிக்கு வேர் கிடையாது, மேலே விழுவதை அப்படியே உடம்பால் குடிக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசிரியை நடத்துவதை வருஷா வருஷம் காதில் வாங்கியவள்தான் நான். படித்ததற்கும் செய்வதற்கும் இவ்வளவு தூரம். பிறகு குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். அது ஆற்றுத் தண்ணீர், மென்மையானது, அந்த மலையில் இருந்து இறங்கி வருவதும்கூட. ஆனால் மருந்து வாசம் அடிக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, வாசம் போனபின் தெளித்தேன். அதுவும் பாசிக்குப் பாதி மனதாகத்தான் இருந்தது. கடைசியில் மழைத் தண்ணீர்தான். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் தப்பித்தவறி எங்கள் ஊர் வரைக்கும் நான்கு தூறல் போட்டால், வீட்டிலுள்ள சட்டி பானை அத்தனையும் மொட்டைமாடிக்கு ஏறிவிடும். ஒழுகுகிறதா என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். பாசிக்குத் தண்ணீர் பிடிக்கிறேன் என்பதைவிட அது கௌரவமாக இருந்தது.

அதற்கு இடம் கண்டுபிடிப்பது அடுத்த பாடு. வெளியே வைத்தால் அணில் கூட்டுக்குப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினேன். நம் ஊர் வெக்கையில் உள்ளே வெந்து, ஓரத்தில் வெள்ளை நூலாகப் பூஞ்சை பிடித்தது. அதைக் கிள்ளி எறிந்தேன். கடைசியில் சமையலறையின் வடக்கு ஜன்னல், மண்பானைக்குப் பக்கம். ஆற்று மணல் பரப்பிய தட்டில் கல்லை வைத்து, தட்டைப் பானையோடு ஒட்டி வைத்தேன். பானை கசியக் கசிய மணல் ஈரமாக இருக்கும். வெயில் எட்டிப் பார்க்காது. இடம் சரியாக அமைந்த பிறகுதான், மாமியார் அந்த நான்கு நாளும் உட்கார்ந்திருந்த அதே மூலை என்பது எனக்கு உறைத்தது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

முடிவெட்டும் கடையில் தண்ணீர் அடிப்பார்களே, அந்தக் குப்பி ஒன்று வாங்கி வந்தார். காலையில் வேலைக்குப் போகும் முன் இரண்டு அடி, வந்ததும் விரலின் பின்பக்கத்தால் மெதுவாக அழுத்திப் பார்ப்பார். அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்ப வேண்டும். அதுதான் சுகமாக இருப்பதற்கு அடையாளம். அவர் கையில் எந்நேரமும் கிரீஸ் இருக்கும். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, அப்புறம் நல்ல தண்ணீரில் ஒரு தடவை கழுவி, அதற்குப் பின்தான் தொடுவார். எனக்கு அந்த மரியாதை இத்தனை வருஷத்தில் கிடைத்ததில்லை என்று சொல்லிக் காட்டுவேன். சிரிக்க மாட்டார்.

முதல் அக்கினி நட்சத்திரம் வந்தபோது எவ்வளவு தெளித்தும் நிற்கவில்லை. வெக்கையில் ஈரமாகவே வைத்திருந்தால் அழுகும், காயவிட்டால் காயும். நான் காயவிட்டேன். பாசி சுருங்கி, பச்சை போய், அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வெளுத்தது. வேலை விட்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. சாகவில்லை, தூங்குகிறது என்று சொன்னேன். நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். எனக்கே முழு நிச்சயம் இல்லை. குப்பியை எடுத்து மழைத் தண்ணீரை மெல்ல அடித்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு சோறு வேகும் நேரம்கூட ஆகவில்லை. ஓரத்தில் இருந்து பச்சை ஏறி, நடு வரைக்கும் வந்தது.

"ஏளா, முழிச்சிட்டுது" என்றார். அம்மா இறந்தபோது அழாதவர் அன்றைக்கு அழுதார். அவருக்கு நான் கொடுத்த எதுவும் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடாகாது என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் நான் ஒரு காரியம் செய்தேன். எதையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது புத்தி அல்ல. லேபில் எந்த மாதிரியையும் இரண்டாக வைத்துத்தான் எனக்குப் பழக்கம். கொஞ்சம் கிள்ளி வேறு இடத்தில் வளர்க்கட்டுமா என்று கேட்டேன். "அம்மை தலமாட்டுல உள்ளது. அத நகத்தால தொடாத" என்றார். அவர் பட்டறைக்குப் போன பின், பாசியின் பின்ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிள்ளினேன். ஈரக் காகிதத்தில் மடித்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய், உடைந்த ஓட்டுத் துண்டின் மேல் வைத்து, நகராமல் இருக்கக் கறுப்பு நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி, லேபின் வடக்கு ஜன்னலில் பழைய ஜாடிகளுக்குப் பின்னால் மறைத்தேன். அது ஓட்டைப் பிடித்துக்கொள்ள எட்டு ஒன்பது மாதம் ஆனது. எழுத்து வேலையெல்லாம் முடித்துவிட்டு தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். வீட்டில் இருக்கும் பாசியைப் பார்க்கும்போது மட்டும், அந்தப் பின்ஓரத்துப் பள்ளம் அவர் கண்ணில் படாமல் தட்டைக் கொஞ்சம் திருப்பி வைப்பேன்.

இரண்டாவது கோடையும் தாண்டியது. மழைக்காலம் பிறந்து, கல்லறைத் திருநாள் வந்தது.

மதினியின் மாமனார் மாமியார் கல்லறைகள் பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு வருஷமும் முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, எங்கள் கொல்லையில் சுண்ணாம்பு கரைத்து, நீலம் கலந்து, மறுநாள் காலை வாளியும் மட்டையுமாகப் போய் இரண்டு கல்லறைக்கும் தானே அடிப்பார். ஆள் வைத்துச் செய்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. போன வருஷம் அவர் வந்தபோது வீட்டுக்காரர் கல்லை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். இந்தத் தடவை பட்டறையில் அவசர வேலை, மறந்து போய்விட்டார். நானும் மறந்தேன்.

சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மதினி அதைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குள் ஏன் பாசி பிடித்த கல்லைப் போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எனக்குப் பெருமை. இரண்டு வருஷம் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த பெருமை. இது சாதாரணப் பாசி இல்லை மதினி, வெயில் பட்டால் நிற்காது, நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால்தான் பிழைக்கும், இதை இந்த ஊரில் இரண்டு கோடை தாண்ட வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அத்தையின் தலைமாட்டில் இருந்து என்றேன். புதைத்த இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தார்களே, அதில் ஒன்று என்றேன்.

மதினி தம்ளரைக் கீழே வைத்தார்.

"கல்ல சுத்தி அடுக்கியிருந்துதா? அப்போ கட்டலையா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி வந்தபோதும் கேட்கவில்லை. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மழை எப்படி, மூட்டுவலி எப்படி என்று பேசினார்கள். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கல்லை எடுத்து வைத்திருப்பார். என் நாக்கு செய்த தப்பை மறைக்க நினைத்தேன், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

மறுநாள் நானும் அவரும் வேலைக்குப் போய்விட்டோம். மதினி காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு, மத்தியானம் வீடு திரும்பியிருக்கிறார். வாளியில் சுண்ணாம்பு மிச்சம் இருந்திருக்கிறது.

நான் நான்கரைக்கு வந்தேன். சமையலறையில் செவ்வந்தி வாசம். மண்பானைக்குப் பக்கத்தில், தட்டில் இருந்த மணலைத் தட்டிச் சமமாக்கி, நடுவில் கல். வெள்ளைவெளேர் என்று இருந்தது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு. நீலம் கலந்ததால் லேசாக ஒரு குளிர்ந்த வெள்ளை. கல்லின் மேல் மூன்று செவ்வந்திப் பூ. முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மதினி தலையில் முக்காடு போட்டு, வலிக்கிற முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் விரல்கள் சுண்ணாம்பில் வெந்து வெளுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் ஜெபத்தை நிறுத்தவில்லை.

நான் கொல்லைக்கு ஓடினேன். கழுவிய இடத்தில், சாக்கடை வாய்க்காலில், நாரோடு சேர்ந்து பழுப்பாக நான்கு இழை கிடந்தது. விரலால் எடுத்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று இருந்தது. எங்கள் மக்களில் எந்த மகளும் அம்மாவின் கல்லறைக் கல்லில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். நானாக இருந்தாலும் தேய்த்திருப்பேன். அது தெரிந்ததால் எனக்குக் கோபமும் வரவில்லை. பயம்தான் வந்தது, ஆறு மணிக்கு அவர் வந்துவிடுவாரே என்று.

வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மெழுகுவத்தி வாசம் பிடித்துவிட்டது போலும். உள்ளே வந்து கல்லைப் பார்த்தார்.

"என்ன காரியம்க்கா பண்ணிட்ட. அது உயிரோட இருந்துதே."

மதினி எழுந்திருக்கவில்லை. "எம் மாமனாருக்கு அடிச்சேன், மாமியாருக்கு அடிச்சேன், முப்பது வருஷமா அடிக்கேன். எங்கம்மைக்கு அடிக்க எனக்கு இந்த ஒரு கல்லுதாம்லே இருக்கு."

மதினி காற்றுக்கு ஆடிய மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"கட்டியாச்சுன்னு சொன்னேல்லா. நானும் அத நம்பி நிம்மதியா தூங்குனேன். வெயில்லயும் மழையிலயும் சும்மா கெடந்திருக்கா எங்கம்மை."

அவர் கையைக்கூடக் கழுவாமல் அப்படியே வெளியே போய்விட்டார். மதினி துணியை மடித்துப் பையில் வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் கெஞ்சினேன். மெழுகுவத்தி அணையும் வரைக்கும் இருந்துவிட்டு, சாப்பிடாமல் தச்சநல்லூர் பஸ்ஸுக்குப் போனார். எங்கள் வீட்டில் இருந்து அவர் வெறும் வயிற்றோடு போனது அதுதான் முதல் தடவை.

நான் விடவில்லை. கல்லை மழையில் வைத்தேன். மழைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சுண்ணாம்பைக் கரைக்கப் பார்த்தேன். கல்லின் இடுக்குகளுக்குள் ஏதாவது ஒரு இழை மிச்சம் இருந்தால்கூடப் போதும் என்று லேபில் இருந்து கைக்கண்ணாடி கொண்டு வந்து தேடினேன். ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் அவரே வந்து என் கையில் இருந்து கல்லை வாங்கி, துடைத்து, பழைய இடத்தில் வைத்தார். "விடு. அது அவ அடிச்ச சுண்ணாம்பு" என்றார். மேலும் கரைக்க விடவில்லை. அக்காவுக்கு போனும் செய்யவில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து அச்சுமுறுக்கு வரவில்லை, நாங்களும் கொடுத்து விடவில்லை. ஆராதனைக்குப் போய்விட்டு வந்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். கறிக்குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. அவர் திடீரென்று, எங்கள் அம்மாவுக்கு இருக்கிறதே இரண்டு பிள்ளைதான் என்றார்.

நான் அப்போதுதான் சொன்னேன். மதினியிடம் வாயைவிட்டது நான்தான் என்பதை முதலில் சொன்னேன். பிறகு, கிள்ளியதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். எவ்வளவு பெரிசு இருக்கு என்று மட்டும் கேட்டார். இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும் என்றேன். நூலைப் பாசி மூடிவிட்டது, இனி விழாது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று ஓட்டுத் துண்டை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, விரலின் பின்பக்கத்தால் அழுத்திப் பார்த்தார். அமுங்கி எழுந்தது. பானைப் பக்கம் வைக்கப் போனேன். வேண்டாம் என்று தடுத்து, தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்து வந்தார். கல் வந்த அதே சட்டி. ஈரத்துணி விரித்து ஓட்டுத் துண்டை அதில் இறக்கினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

தச்சநல்லூரில் மதினிதான் கதவைத் திறந்தார். வா என்று சொல்லவில்லை, வழிவிட்டு நின்றார். இவர் உட்காரவும் இல்லை. சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொன்னார்.

"அக்கா, நான் கட்டல. சிமெண்டு மேல கொண்டு போவ முடியல. முடியலன்னு ஒங்கிட்ட சொல்லதுக்கு வெக்கமா இருந்துது. பொய் சொல்லிட்டேன்."

மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இவர் சட்டியைத் திறந்து நீட்டினார்.

"அம்மை மேல இதுதான் இருந்துது. இவ கொஞ்சம் எடுத்து வச்சிருந்தா. இத நீ வச்சுக்க. கல்லு எங்கிட்டயே இருக்கட்டும். வார கல்லறைத் திருநாளுக்கு வா, நானே சுண்ணாம்பு கரைச்சி வைக்கேன்."

மதினி சட்டியை வாங்கவில்லை. உள்ளே போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. வந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை ஈரமாக இருந்தது. தம்பி கையில் இருந்த சட்டிக்குள் குனிந்து, ஒற்றை விரலைப் பாசியின் மேல் வைத்தார். எடுக்கவில்லை.

"குளுந்து கெடக்கே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வெயில் பட்டா இது நிக்காதுன்னு அன்னைக்கு நீதானே சொன்ன?"

"ஆமா மதினி. நிழலு இருக்கணும். ஈரம் இருக்கணும். இல்லன்னா வராது."

"அங்கன இது மேடா வளந்து கெடந்துதாக்கும்."

"தலைமாடு பூராவும் கெடந்துது" என்றார் இவர்.

மதினி விரலை எடுக்காமலே நின்றார்.

"அப்போ எங்கம்மைக்கு வெயில் படல."

சொல்லிவிட்டு, சட்டியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் எந்த ஜன்னல் வடக்கே பார்த்திருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.